நம் கடற்கரையையும் ஆண்ட ஒரு மன்னரின் கதை: 'எ ராயல் அஃபேர்'

தரங்கம்பாடியில் புழங்கிய டேனிஷ் காலச் செப்புக்காசுகளில் ஒரு வகை உண்டு. அதன் ஒரு பக்கத்தில் கிரீடம். கிரீடத்துக்குக் கீழே 'சி' என்ற ரோமன் எழுத்து. அந்த எழுத்தின் வளைவுக்குள் 7 என்ற எண். மறுபக்கத்தில் காசின் மதிப்பும் அச்சிட்ட ஆண்டும் இருக்கும். டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் பெயர்ச் சுருக்கம் அது. 1766 முதல் 1808 வரை 42 ஆண்டுகள், கோபன்ஹேகனும் நார்வேயும் ஐஸ்லாந்தும் யார் பெயரால் ஆளப்பட்டனவோ அவர் பெயரால்தான் பொறையாற்றை ஒட்டிய நம் கடற்கரைத் துண்டும் ஆளப்பட்டது. அந்த மன்னருக்கு இளம் வயதிலேயே மனநோய் கண்டுவிட்டது என்பதும், அவருடைய நோயை மையமாக வைத்து ஓர் அரண்மனையே சதிக்களமாக மாறியது என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. அந்தக் கதையைச் சொல்லும் டேனிஷ் திரைப்படம்தான் 2012-இல் வெளிவந்த 'எ ராயல் அஃபேர்'. நிக்கோலாய் ஆர்செல் இயக்கியது. மயிலாடுதுறைப் பக்கத்து வாசகர்கள் இதை அயல்நாட்டு அரச குடும்பத்துக் கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கதையின் எலும்புக்கூடு வரலாற்றில் உள்ளதுதான். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தங்கை கரோலின் மதில்டா, 15 வயதில், தன் தாய்வழி உறவினரோ தந்தைவழி உறவினரோ என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல், முன்பின் பார்த்திராத அத்தை மகன் கிறிஸ்டியனுக்கு மணம்முடித்துக் கொடுக்கப்படுகிறாள். கோபன்ஹேகனுக்கு வந்து இறங்கிய பிறகுதான் மாப்பிள்ளையின் நிலை அவளுக்குப் புரிகிறது. அவள் கொண்டுவந்த நூல்களில் சில, அந்நாட்டுத் தணிக்கைக்கு ஒவ்வாதவை என்று இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. பிறகு மன்னர் வெளிநாட்டுப் பயணம் புறப்படும்போது அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு மருத்துவர் தேவைப்படுகிறார். ஆல்டோனா நகரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த யோஹன் ஃபிரெடெரிக் ஸ்ட்ருவன்சே என்ற ஜெர்மானியர் அந்த இடத்துக்கு வருகிறார். மன்னருக்கு நண்பராகி, அரசிக்குக் காதலராகி, இறுதியில் நாட்டையே தன் கைக்குள் கொண்டுவரும் அந்த மருத்துவர், 1772 ஜனவரியில் ஒரு முகமூடி நடன விருந்து முடிந்த இரவில் கைது செய்யப்பட்டு, ஏப்ரல் 28 அன்று பொது இடத்தில் வலக்கை துண்டிக்கப்பட்டுத் தலை வெட்டப்படுகிறார். நாடுகடத்தப்பட்ட அரசி ஜெர்மனியின் செல்லே நகரிலிருந்து தன் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதமாகவே படம் முழுவதும் சொல்லப்படுகிறது.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று யாரும் குறைபட வேண்டியதில்லை. என்ன நடக்கப்போகிறது என்பதில் இந்தப் படத்துக்கு அக்கறை இல்லை. அதை யார் நடத்துகிறார்கள் என்பதில்தான் அதன் கவனம் முழுவதும் இருக்கிறது.

மன்னராக நடித்திருக்கும் மிக்கெல் ஃபோல்ஸ்கோருக்கு இதுவே முதல் திரைப்படம்; நடிப்புப் பள்ளியில் மாணவராக இருக்கும்போதே நடித்தார். அந்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக்கரடி விருதும் அவருக்குக் கிடைத்தது. விருது நியாயமானது என்பதைப் படத்தின் முதல் அரைமணி நேரத்திலேயே உணர்ந்துவிடலாம். புது மனைவியை வரவேற்க வேண்டியவர் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். வெளியே வருகிறார், சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு ஓர் அரை நொடி அதிகமாக நீள்கிறது. அந்த அரை நொடியில் மணப்பெண்ணின் முகத்தில் இருந்த ஆவல் மெல்ல வற்றிப்போவதைக் காமிரா அருகிலிருந்து காட்டுகிறது. வசனம் எதுவும் தேவைப்படவில்லை. தமிழ்த் திரையில் பைத்தியம் என்றால் கலைந்த தலை, கிழிந்த சட்டை, ஒன்று நகைச்சுவைக்கு அல்லது அழுகைக்கு என்று பழகிய நம் கண்களுக்கு இந்தக் கிறிஸ்டியன் புதியவர். அவர் நன்றாக உடுத்துகிறார். நாடக வரிகளை மனப்பாடமாகச் சொல்கிறார். எதிரே இருப்பவரின் போலித்தனத்தை எவரையும்விட விரைவாகக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் மனைவி விருந்தினர் முன் இசைக்கருவி வாசித்துப் பாராட்டுப் பெற்றால் அவரால் தாங்க முடியவில்லை. யார் முன் எதைச் சொல்லலாம் என்ற அளவுகோல் மட்டும் அவரிடம் உடைந்துபோயிருக்கிறது.

இதில் மிகவும் பாராட்ட வேண்டியது, நோயின் ஏற்ற இறக்கத்தைப் படம் சரியாகப் பிடித்திருப்பது. குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கியிருக்கும் நோயாளிகளையும், அவர்களுக்குத் துணையாக இருக்கும் தாய்மாரையும் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் வேறொருவராக இருப்பார். தெளிவாக இருக்கும் வேளையில் தன் நிலையைத் தானே அறிந்து கூசுவார். கிறிஸ்டியனின் அந்தக் கூச்சத்தை ஃபோல்ஸ்கோர் கண்களால் மட்டுமே காட்டுகிறார். மன்னருக்கு வந்தது இன்ன நோய் என்று படம் பெயர் சூட்டவில்லை. பிற்கால மருத்துவர்களில் பலர் அதை மனச்சிதைவு என்று கருதினார்கள். அவருடைய மைத்துனர் மூன்றாம் ஜார்ஜுக்கும் மனநோய் கண்டதால், குடும்ப வழியாக வரும் போர்ஃபிரியா என்ற இரத்தக் கோளாறு என்று சொன்னவர்களும் உண்டு. சிறுவயதில் ரெவென்ட்லோ என்ற ஆசிரியரிடம் அவர் வாங்கிய அடி உதைகளும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. இறந்தவரின் நோய்க்கு இரண்டரை நூற்றாண்டு கழித்துச் சீட்டு எழுதாமல் விட்டது இயக்குநரின் நிதானம்.

இனி, படத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். 1665-இல் டென்மார்க்கில் இயற்றப்பட்ட அரசச் சட்டம் மன்னருக்கு வரம்பற்ற அதிகாரத்தைக் கொடுத்தது. கடவுளுக்கு மட்டுமே அவர் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட மன்னர் புத்தி பேதலித்தவராக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த ஏற்பாட்டில் வழியே இல்லை. ஆகவே மன்னரை நீக்க முடியாது. அவர் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணையும் செல்லாது. அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொள்பவரே நாட்டை ஆள்பவர். படத்தின் தொடக்கத்தில் ஆலோசனைக் குழுவின் மூத்த அமைச்சர்கள் கட்டுக்கட்டாகக் காகிதங்களை நீட்ட, மன்னர் கையெழுத்திட்டுக்கொண்டே போகிறார். அவர் கருத்துச் சொல்ல வாய் திறந்தால் அமைச்சர்கள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு அடுத்த காகிதத்தை நீட்டுகிறார்கள். அந்தப் பணிவே அவமதிப்பாக இருப்பதை இயக்குநர் ஓசையில்லாமல் காட்டியிருக்கிறார்.

இந்தக் காட்சியின்போது, என்னுடன் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா சிரித்துவிட்டார். குத்தாலம் பக்கம் ஒரு பெரிய மிராசு வீட்டில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அவர். "ராஜாவை விடு தம்பி, அந்தக் காயிதத்த நீட்டுறானே, அவன் மூஞ்சியப் பாரு. எங்க பண்ணையிலயும் எல்லாம் ஐயா கையெழுத்துலதான் நடந்துச்சு. நெல்லு போன வழி வேற" என்றார். காரியஸ்தர் கையில் பேனாவும் முதலாளி கையில் வெற்றிலைச்செல்லமும் இருந்த வீடுகள் டெல்டாவில் எத்தனை என்று அறிந்தவர்களுக்கு, கோபன்ஹேகன் அரண்மனை அத்தனை தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது.

ஸ்ட்ருவன்சே இந்தப் பூட்டைத் திறக்கும் விதம்தான் திரைக்கதையின் சிறந்த பகுதி. அவர் மன்னரைக் கட்டிப்போடவில்லை, மருந்து புகட்டவில்லை. அவரோடு பேசுகிறார், விளையாடுகிறார். முதல் சந்திப்பிலேயே இருவரும் ஷேக்ஸ்பியர் வரிகளை மாறி மாறிச் சொல்லி நட்பாகிறார்கள். டென்மார்க் இளவரசன் ஒருவனின் பித்தைப் பற்றிய 'ஹாம்லெட்' நாடகத்தின் வரிகளை உண்மையான டென்மார்க் மன்னரின் வாயில் கேட்கும்போது ஏற்படும் குறும்பான சிலிர்ப்பை எழுத்தாளர்கள் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். பிறகு மருத்துவருக்கு ஒன்று புலப்படுகிறது: இந்த மன்னரால் ஆள முடியாது, ஆனால் நடிக்க முடியும். எனவே ஆலோசனைக் குழுவை ஒரு மேடையாகவும், மன்னரை அதில் கதாநாயகனாகவும் கருதி, அவருக்கு வசனம் எழுதிக் கொடுக்கிறார். மனப்பாடம் செய்த வசனத்தை மன்னர் அமைச்சர்கள் முன் முழங்க, பழுத்த அரசியல்வாதிகள் விழிக்கிறார்கள். சிரிப்பு வரும் காட்சி. இரண்டாம் முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை அமைச்சர்கள் மன்னரின் கையை மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவரை நேசிக்கும் மருத்துவரோ குரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டார்.

அதற்குப் பின் நடப்பவை வேகமானவை. தணிக்கை நீக்கம், சித்திரவதை ஒழிப்பு, பிரபுக்களின் சலுகைக் குறைப்பு என்று ஆணைகள் பறக்கின்றன. 1770 செப்டம்பரில் அச்சுக்கு முழுச் சுதந்திரம் அளித்த அந்த ஆணை, உலகிலேயே முதலாவது என்று சொல்லத்தக்கது. பட்டத்து இளவரசனுக்கு அம்மை குத்தும் காட்சியும் வருகிறது. ஜென்னரின் தடுப்பூசி 1796-இல்தான் வந்தது. இது அதற்கும் முந்தைய முறை. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்ததை மற்றவர் தோலைக் கீறி ஏற்றுவது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தாய் அமர்ந்திருக்க, அறையில் உள்ள எல்லோரும் மருத்துவரின் கத்தியையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள் கொலைக்காட்சியைவிடப் பதற்றமானவை.

ஆனால் ஆணைகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் மன்னரை அமர்த்திக் கையெழுத்து வாங்குவது மருத்துவருக்கும் சலித்துவிடுகிறது. 1771 ஜூலையில், தன் கையெழுத்துக்கும் மன்னரின் கையெழுத்துக்கு உள்ள வலிமை உண்டு என்ற ஆணையை அவர் பெற்றுக்கொள்கிறார். மன்னரிடமிருந்த ஒரே சொத்தும் போயிற்று. மருத்துவராக வரும் மாட்ஸ் மிக்கெல்சன் இந்த மாற்றத்தை மிக அடக்கமாக நடித்திருக்கிறார். குரலை உயர்த்துவதில்லை, மன்னரோடு பேசும்போது முன்பு இருந்த காத்திருக்கும் பொறுமை மட்டும் காணாமல் போகிறது. பழைய அமைச்சர்கள் நீட்டிய அதே தோரணையில் அவரும் காகிதத்தை நீட்டத் தொடங்கிவிட்டார் என்பதைப் பார்வையாளர் தாமே கண்டுகொள்ளும்படி விட்டிருப்பது இயக்குநரின் திறமை. தான் விடுவித்த அச்சகங்களே தன்னையும் அரசியையும் பற்றி ஆபாசத் துண்டுப்பிரசுரங்களை அடித்துத் தள்ள, அவரே மீண்டும் அச்சுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும் இடம் படத்தின் மிகக் கசப்பான திருப்பம்.

இங்கே தரங்கம்பாடிக்காரர்களுக்கு மட்டும் தோன்றக்கூடிய ஒரு நினைவு உண்டு. ஸ்ட்ருவன்சே பிறந்ததும் மருத்துவம் படித்ததும் ஜெர்மனியின் ஹல்லே நகரில். அவருடைய தந்தை பக்திநெறி இயக்கத்தைச் சேர்ந்த சமய போதகர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்குவும் அதே ஹல்லேயில் படித்தவர்தான். அவருடைய அச்சகத்தின் முதல் தமிழ் எழுத்துகளையும் அந்நகரில்தான் வார்த்தார்கள். ஒரே நகரம் நமக்கு அச்சகத்தையும் வேதத்தையும் அனுப்பியது. டென்மார்க்குக்கு அச்சுச் சுதந்திரத்தையும் கடவுள் நம்பிக்கையற்ற ஒரு மருத்துவரையும் அனுப்பியது. படத்தில் ஸ்ட்ருவன்சேயின் நாத்திகத்துக்கும் அரண்மனையின் பக்திக்கும் நடக்கும் மோதலை, ஒரே வீட்டுக்குள் நடக்கும் சண்டையாகவும் பார்க்க இது இடம் தருகிறது.

படத்தில் என்னை மிகவும் உலுக்கிய காட்சி அரண்மனைக்கு வெளியே நடக்கிறது. அரசியும் மருத்துவரும் குதிரையில் உலாப் போகும்போது, வயல்வெளியில் கூரான முதுகுள்ள ஒரு மரக்குதிரையின்மேல் ஒரு பண்ணையாள் கட்டி உட்காரவைக்கப்பட்டு, அப்படியே செத்துப்போயிருப்பதைக் காண்கிறார்கள். நிலப்பிரபுக்கள் தங்கள் ஆட்களைத் தண்டிக்க வைத்திருந்த கருவி அது. காமிரா அதிக நேரம் அங்கே நிற்பதில்லை. அதுவரை நூல்களிலிருந்து மேற்கோள் காட்டிப் பேசிக்கொண்டிருந்த இருவரும் வாயடைத்துப்போகிறார்கள். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குக் கொடுக்கப்பட்ட சவுக்கடியையும் சாணிப்பாலையும் பாட்டன்மாரிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மரக்குதிரையை யாரும் விளக்க வேண்டியதில்லை. டென்மார்க்கில் பிறந்த மண்ணோடு குடியானவனைக் கட்டிவைத்த சட்டம் 1788-இல் நீக்கப்பட்டது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் கோபன்ஹேகன் பிரபுக்கள்மீது வந்த கோபம் பாதி நம் ஊர் மீதே திரும்பிவிடும்.

காதல் கதையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரசியாக நடித்த அலிசியா விகாண்டர் ஸ்வீடன் நாட்டவர். இந்தப் படத்துக்காகவே டேனிஷ் கற்றுக்கொண்டவர். தனிமையில் வாடும் சிறுபெண்ணிலிருந்து அரசியல் அறிந்த பெண்ணாக அவர் வளர்வது நம்பும்படி இருக்கிறது. ஆயினும், படத்தின் நடுப்பகுதியில் இருவரின் இரகசியச் சந்திப்புகளுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் கால்பகுதியைக் குறைத்து மன்னருக்குக் கொடுத்திருக்கலாம். கிறிஸ்டியன் திரையில் இல்லாத ஒவ்வொரு பத்து நிமிடமும் படம் சாதாரணமாகிவிடுகிறது. அவர் திரும்பி வந்ததும் நிமிர்ந்து உட்காருகிறது.

சதிகாரர்களின் சித்திரிப்பிலும் எனக்கு மனக்குறை உண்டு. மன்னரின் சிற்றன்னை யூலியானா மரியா தன் மகனை அரியணைக்கு அருகில் கொண்டுவரத் துடிப்பவர். அவருடைய வலக்கை குல்ட்பெர்க், சமயப்பற்று மிக்கவர். டிரினெ டியூர்ஹோமும் டேவிட் டென்சிக்கும் இவ்வேடங்களில் குறைவைக்கவில்லை. குறிப்பாக டென்சிக், ஒரு மூலையில் நின்று யார் யாரிடம் பேசுகிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும் காட்சிகளில் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ஆனால் எழுத்தில் இவர்கள் வெறும் பிற்போக்காளர்களாகவே நின்றுவிடுகிறார்கள். நிஜ ஸ்ட்ருவன்சேக்கு டேனிஷ் மொழி தெரியாது. ஆணைகளை ஜெர்மனில் பிறப்பித்தார். அந்நாட்டு மொழியைக் கற்க அவர் முயற்சி எடுக்கவும் இல்லை. குடியானவர்களுக்காக அவர் எழுதிய சட்டங்கள் குடியானவர்களுக்குப் புரியாத மொழியில் பிறந்தன. மக்கள் அவரை வெறுத்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். அவருடைய வீழ்ச்சிக்குப் பின் 1776-இல், அரசு வேலைகள் மண்ணில் பிறந்தவர்களுக்கே என்று குல்ட்பெர்க் சட்டம் கொண்டுவந்தபோது அதற்கு ஆதரவு இருந்ததும் இதனால்தான். படத்திலோ மிக்கெல்சன் நல்ல டேனிஷ் பேசுகிறார். அவரை ஜெர்மானியர் என்று சிலர் ஏசுவதோடு மொழிச் சிக்கல் முடிந்துவிடுகிறது. மொழி என்பது அரசியலில் எவ்வளவு பெரிய தீ என்பதைத் தமிழ்நாட்டில் உள்ள எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தீயை அணைத்துவிட்டதால், வில்லன்கள் மெலிந்தும் கதாநாயகன் சற்றே அதிக வெளிச்சத்திலும் தெரிகிறார்கள்.

தரங்கம்பாடி இந்தக் கதையில் இல்லை. அது இயல்பே, கோபன்ஹேகன் அரண்மனையில் அன்றாடம் நினைக்கப்பட்ட ஊரல்ல இது. இருப்பினும், பார்த்துக்கொண்டிருக்கும்போது காலக்கணக்கு மனத்தில் ஓடுவதைத் தவிர்க்க முடியவில்லை. ஸ்ட்ருவன்சே உச்சத்தில் இருந்த அதே 1771-இல்தான் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலக் கும்பினிப் படையும் துளஜா மன்னரின் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தன. 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு தொடங்கிய தரங்கம்பாடி வணிகக் குடியேற்றம், 1777-இல் வணிகக் கழகத்திடமிருந்து நேரடியாக டேனிஷ் முடியாட்சிக்குக் கைமாறியது. பெயர் கிறிஸ்டியனுடையது, அப்போது பேனா குல்ட்பெர்க் தரப்பிடம். இன்று ராஜா தெருவுக்குள் நுழைவோரை வரவேற்கும் நகர வாயில் 1792-இல் எழுப்பப்பட்டது. அப்போதும் மன்னர் கிறிஸ்டியன்தான், பேனா அவர் மகனிடம். 1808 பிப்ரவரியில் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்தார்கள். அடுத்த மாதம் கிறிஸ்டியன் இறந்தார். படத்தைப் பார்த்த பிறகு ராஜா தெருவில் நடப்பவர்களுக்கு, அந்த ராஜா யார் என்று கேட்கத் தோன்றும்.

தயாரிப்பைப் பற்றிச் சில சொற்கள். பெரும்பாலும் செக் நாட்டில் படமாக்கியிருக்கிறார்கள். போர்க்களமோ ஆயிரக்கணக்கான துணை நடிகர்களோ இல்லை. சரித்திரப் படம் என்றால் யானைப்படை வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அறைகள், தாழ்வாரங்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம், கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆட்கள் என்று ஒடுங்கிய உலகம். அதுவே கதைக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. அந்த முகமூடி நடனத்தில் மட்டும் படம் தன் முழு அலங்காரத்தையும் வெளிப்படுத்துகிறது. இசை ஏற ஏற, ஆடிக்கொண்டிருக்கும் இருவருக்கு மட்டும் இது கடைசி இரவு என்று தெரியாமல் இருப்பதை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. மரணதண்டனைக் காட்சியில், யாருக்காகச் சட்டங்கள் எழுதப்பட்டனவோ அந்த மக்களே வேடிக்கை பார்க்கக் கூடியிருக்கிறார்கள். இரத்தத்தைக் காட்டுவதில் இயக்குநர் அளவோடு நின்றிருக்கிறார். ஆயினும் மனம் கலங்கும்.

படம் ஏறத்தாழ 2 மணி 17 நிமிடம் ஓடுகிறது. பேச்சு டேனிஷ். நான் ஆங்கில வசனவரிகளோடு பார்த்தேன். அரண்மனைப் பேச்சு நாகரிகமான சுற்றிவளைப்பில் செல்வதால், வசனவரிகளை ஓடவிட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சதியின் பாதி நழுவிவிடும். வீட்டில் பெரியவர்களோடு பார்க்கலாம் என்றாலும், படுக்கையறைக் காட்சிகளும் மன்னர் விலைமாதர் இல்லங்களுக்குப் போகும் காட்சிகளும் இருப்பதால் பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள வேண்டாம். பெயர்கள் முதல் இருபது நிமிடம் குழப்பும். மன்னர், அரசி, மருத்துவர், சிற்றன்னை, குல்ட்பெர்க் ஆகிய ஐவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்; மற்றவர்கள் தாமே வந்து சேர்ந்துகொள்வார்கள்.

எனக்குள்ள மிகப் பெரிய வருத்தம் படத்தின் கடைசி நிமிடத்தைப் பற்றியது. கரோலின் மதில்டா 1775-இல் 23 வயதில் காய்ச்சலில் இறந்துபோகிறாள். கடிதம் பிள்ளைகளைச் சென்றடைகிறது. பின்னர் இளவரசன் ஆட்சியைக் கைப்பற்றிப் பழைய சீர்திருத்தங்களை மீட்டான் என்று திரையில் சில வரி எழுத்துகளோடு முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் சில வரிகளுக்குள் இந்தப் படத்துக்கே உரிய உச்சக்காட்சி ஒளிந்திருக்கிறது. 1784 ஏப்ரல் 14 அன்று, 16 வயதான பட்டத்து இளவரசன் ஃபிரெடெரிக் முதன்முறையாக அரசவைக் கூட்டத்துக்கு வருகிறான். குல்ட்பெர்க் கூட்டத்தின் ஆட்சியைக் கலைக்கும் காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாசித்துவிட்டுத் தந்தையின் முன் வைக்கிறான். யார் எதை நீட்டினாலும் கையெழுத்திட்டுப் பழகிய கிறிஸ்டியன் அதிலும் கையெழுத்திடுகிறார். உடனே யூலியானா மரியாவின் மகன், அவனும் ஃபிரெடெரிக்தான், மன்னரின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு அறையை விட்டு ஓடுகிறான்; இளவரசன் துரத்துகிறான்; அரண்மனைத் தாழ்வாரத்தில் மன்னருக்காக இரு ஃபிரெடெரிக்குகளும் கைகலக்கிறார்கள். ஃபோல்ஸ்கோர் போன்ற ஒரு நடிகரைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தாழ்வாரத்தைப் படமாக்காமல் விட்டதற்கு ஆர்செலிடம் என்ன காரணம் இருந்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. இரகசியச் சந்திப்புகளில் இரண்டைக் குறைத்திருந்தால் அதற்கு இடம் கிடைத்திருக்கும்.